பின்னால் போதல்: ஈஸா நபியின் சீடர்களும் திருகோணமலையின் ஒரு பாதிரியாரும்

கிண்ணியாவில் உயர்தர வகுப்புக்கு இஸ்லாமிய நாகரிகம் படிப்பித்துக்கொண்டிருந்த காலத்தில் ஒரு மாணவி என்னிடம் கேட்டாள்: "சேர், ஈஸா நபியை நாங்களும்தானே நம்புறம். அப்ப வேதக்காரங்க மட்டும் எப்படித் தங்களை ஈஸாவைப் பின்பற்றுறவங்க எண்டு சொல்றாங்க? பின்பற்றுறது எண்டா அவங்க என்னதான் செய்றாங்க?"

நம்மில் பலரும் சொல்லும் பதிலைத்தான் அன்று நானும் சொன்னேன். அவர்கள் ஈஸா (அலை) அவர்களை இறைமகன் என்கிறார்கள், நாம் இறைத்தூதர் என்கிறோம். அவர்கள் சிலுவையில் அறையப்பட்டார் என்கிறார்கள், நாம் இல்லை என்கிறோம். சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் பிள்ளை கேட்டது அதுவல்ல. அவர்கள் எதை நம்புகிறார்கள் என்று அவள் கேட்கவில்லை, என்ன செய்கிறார்கள் என்றுதான் கேட்டாள். மறுமொழி கிடைக்காத மாணவியின் முகம் எப்படி இருக்கும் என்று ஆசிரியர்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகுதான் நான் சுவிசேஷங்களை ஒழுங்காக வாசிக்கத் தொடங்கினேன். பாலையூற்றில் இருக்கும் ஒரு கத்தோலிக்க நண்பரிடம் போய் இருந்து கதைக்கவும் தொடங்கினேன். அந்தக் கேள்விக்குத் தாமதமாகத் தரும் பதிலாக இக்கட்டுரையைக் கொள்ளலாம்.

'பின்பற்றுதல்' என்ற சொல் நமக்குப் புதியதல்ல. அல்லாஹ்வை நேசிப்பதாகச் சொல்பவர்கள் அவனுடைய தூதரைப் பின்பற்ற வேண்டும் என்பது ஆல இம்றான் அத்தியாயத்தின் 31ஆம் வசனத்தின் கருத்து. 'இத்திபாஉ' என்று நாம் சொல்வது இதைத்தான். நமக்கு இதற்கு ஒரு தெளிவான வழி இருக்கிறது. நபி (ஸல்) அவர்கள் எப்படி வுழூ செய்தார்கள், எந்தக் கையால் உண்டார்கள், எப்படி உறங்கினார்கள், அண்டை வீட்டாரோடும் மனைவியரோடும் எப்படி நடந்தார்கள் என்பதெல்லாம் அறிவிப்பாளர் வரிசையோடு நம் கையில் இருக்கிறது. ஸுன்னா என்பது நடந்து காட்டப்பட்ட பாதை. அடிச்சுவடுகள் அழியாமல் கிடக்கின்றன, அவற்றில் கால் வைத்து நடக்கிறோம்.

இந்தப் பழக்கத்தோடு நான்கு சுவிசேஷங்களையும் திறக்கும் முஸ்லிம் வாசகருக்கு முதலில் வருவது திகைப்புத்தான். இயேசு எப்படி உடுத்தார், எப்படிச் சாப்பிட்டார் என்பது பற்றி அங்கே அநேகமாக ஒன்றும் இல்லை. அவர் மணம் முடிக்கவில்லை என்றுகூட எந்த இடத்திலும் நேரடியாக எழுதப்படவில்லை. பெரும்பகுதி அவருடைய கடைசிச் சில வருடங்களைப் பற்றியது, அதிலும் கணிசமான பகுதி கடைசி ஒரு வாரத்தைப் பற்றியது. இதை வைத்துக்கொண்டு ஒருவரை எப்படிப் பின்பற்றுவது என்று நான் நண்பரிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "நீங்க புத்தகத்தில கால்தடம் தேடுறீங்க நானா. எங்களுக்கு அவர் முன்னுக்கு நடக்கிற ஆள்" என்றார்.

அது அலங்காரப் பேச்சு என்றுதான் அப்போது நினைத்தேன். பிறகு மாற்கு எழுதியதில் முதல் அத்தியாயத்தை மீண்டும் வாசித்தபோது அவர் சொன்னது கொஞ்சம் விளங்கியது. கலிலேயா என்பது பெயருக்குக் கடல். உண்மையில் ஏறக்குறைய 21 கிலோமீற்றர் நீளமான ஒரு நன்னீர் ஏரி. அதன் கரையில் சீமோனும் அந்திரேயாவும் வலை வீசிக்கொண்டிருக்கிறார்கள். ஈஸா அவர்களைத் தம் பின்னால் வரச் சொல்கிறார். வலையை விட்டுவிட்டுப் போகிறார்கள். சற்றுத் தள்ளி யாக்கோபும் யோவானும் வள்ளத்தில் இருந்து வலை பழுதுபார்க்கிறார்கள். அவர்களும் போகிறார்கள். தகப்பன் செபெதேயு கூலியாட்களோடு வள்ளத்தில் இருந்துவிடுகிறார். இவ்வளவுதான். எதை நம்ப வேண்டும் என்ற விளக்கம் அங்கே இல்லை. கலிமா போன்ற ஒரு வாக்குமூலமும் இல்லை. முதலில் நடை, நம்பிக்கை எல்லாம் போகப் போக.

இந்தச் சம்பவத்தை ஒருநாள் கிண்ணியாத் துறையில் வலை பொத்திக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் சொன்னேன். அவர் ஊசியை நிறுத்தாமலே கேட்டார்: "வாப்பாவ வள்ளத்தோட உட்டுட்டா போனாங்க?" மார்க்க நூல்களில் நான் வாசித்த விளக்கவுரைகளைவிட அந்தக் கேள்வி கூர்மையானது. கொட்டியாரக் குடாவில் தொழில் செய்பவருக்குத் தெரியும், வலை என்பது கடன், அடகுவைத்த நகை, பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவு. தகப்பனை வள்ளத்தோடு விட்டுப் போவது என்றால் அடுத்த நாள் அடுப்பு எரியுமா என்பது. கிறிஸ்தவ மரபில் பின்பற்றுதல் ஓர் இழப்போடு தொடங்குகிறது என்பதை அந்தப் பெரியவர் ஒரு வரியில் பிடித்துவிட்டார்.

அதே மனிதர்களைத்தான் திருக்குர்ஆன் 'ஹவாரிய்யூன்' என்று அழைக்கிறது. அல்லாஹ்வின் பாதையில் எனக்கு உதவியாளர் யார் என்று ஈஸா நபி கேட்டபோது, நாங்கள் என்று முன்வந்தவர்கள் இவர்கள். அஸ்ஸஃப்பு அத்தியாயத்தின் 14ஆம் வசனம் இவர்களை முஃமின்களுக்கே முன்மாதிரியாக வைக்கிறது. அந்தச் சொல்லுக்கு வெண்மை என்ற வேர்ப்பொருளைக் காட்டி, இவர்கள் துணி வெளுப்பவர்களாக இருந்தார்கள் என்று சில முஃபஸ்ஸிர்கள் எழுதுகிறார்கள். ஸுபைர் (றழி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் தமது ஹவாரீ என்று சிறப்பித்ததும் புகாரியில் உண்டு. ஆகவே சீடத்துவம் என்ற கருத்து நமக்கு வெளியில் கிடக்கும் பொருள் அல்ல.

ஆனால் பாதை பிரியும் இடத்தை மறைக்கவும் கூடாது. சுவிசேஷத்தின் நடுப்பகுதியில் இயேசு தம் சீடர்களிடம், என் பின்னால் வர விரும்புகிறவன் தன்னை மறுத்துத் தன் சிலுவையைச் சுமந்துகொண்டு வரட்டும் என்ற கருத்தில் பேசுகிறார். இன்று சிலுவை கழுத்தில் தொங்கும் தங்கம். அன்று அது உரோமர்கள் அடிமைகளையும் கலகக்காரர்களையும் கொல்லப் பயன்படுத்திய மரம். ஈஸா நபி அதில் கொல்லப்படவில்லை என்பது அந்நிஸா 157ஆம் வசனத்தின்படி நம் நம்பிக்கை. அதில் சமரசம் இல்லை. ஆனால் கிறிஸ்தவர் சிலுவையைப் பின்பற்றுதலோடு சேர்த்துச் சொல்லும்போது, நடந்துவிட்ட ஒரு சம்பவத்தை நம்புவதைப் பற்றி மட்டும் அவர் பேசவில்லை. பகைவனை நேசிப்பது, அடித்தவனைத் திருப்பி அடிக்காமல் இருப்பது, குருவே சீடர்களின் காலைக் கழுவுவது என்றெல்லாம் போகும் ஒரு பாதை அப்படித்தான் முடியும் என்று முன்கூட்டியே கணக்குப் பார்த்து நடப்பதைப் பற்றியும் பேசுகிறார். 1937இல் ஜெர்மன் பாதிரியார் டீட்ரிஷ் பொன்ஹொஃபர் இதைப் பற்றியே ஒரு நூல் எழுதினார். அந்த ஜெர்மன் தலைப்பின் நேர்ப்பொருள் 'பின்செல்லல்'. மலிவாகக் கிடைக்கும் அருள், விலை கொடுத்துப் பெறும் அருள் என்று அதில் பிரித்துக் காட்டினார். ஹிட்லரின் ஆட்கள் 1945 ஏப்ரல் 9 அன்று அவரைத் தூக்கிலிட்டார்கள்.

நமக்கு மிக நெருக்கமாக வரும் பகுதி மத்தேயுவின் 25ஆம் அத்தியாயம். தீர்ப்பு நாளில் பசித்தவனுக்கு உணவும் தாகித்தவனுக்குத் தண்ணீரும் கொடுத்தீர்களா, நோயாளியையும் சிறையில் இருந்தவனையும் போய்ப் பார்த்தீர்களா என்று கேட்கப்படும், அவர்களுக்குச் செய்தது எனக்கே செய்தது என்று சொல்லப்படும் என்பது அதன் சாரம். ஸஹீஹ் முஸ்லிமில் வரும் ஹதீஸ் குத்ஸியை அறிந்தவர்களுக்கு மெய்சிலிர்க்கும். அங்கே அல்லாஹ் அடியானிடம், நான் நோயுற்றேன், நீ வந்து பார்க்கவில்லை என்ற தொனியில் விசாரிக்கிறான். எஜமானே, உனக்கு எப்படி நோய் வரும் என்று அடியான் திகைக்கிறான். இரண்டையும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. யார் பேசுகிறார் என்பதில்தான் இரு மார்க்கங்களுக்கும் இடையிலான முழுத் தூரமும் இருக்கிறது. ஆனால் எங்கே போய்ப் பார்க்கச் சொல்லப்படுகிறது என்பதில் தூரம் இல்லை.

லூக்காவில் வரும் சமாரியன் கதையையும் ஒவ்வொரு முஸ்லிம் மாணவரும் அறிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். எரிகோவுக்குப் போகும் வழியில் ஒருவனைக் கள்வர் அடித்துப் போட்டுவிட்டுப் போகிறார்கள். அவனுடைய சொந்த மார்க்கத்துக் குருவும் கோயில் ஊழியனும் பார்த்துவிட்டு விலகிப் போகிறார்கள். நின்று காயம் கட்டியவன் யூதர்கள் வெறுத்த சமாரியன். கதை முடிந்ததும், இவர்களில் யார் அயலான் என்று ஈஸா கேட்கிறார். கேள்வி கேட்டு மடக்க வந்த சட்ட அறிஞருக்குச் சமாரியன் என்ற சொல் வாயில் வரவில்லை; இரக்கம் காட்டியவன் என்றுதான் சொல்கிறார். சமாரியன் என்பதை எடுத்துவிட்டு, 1990இல் கிழக்கில் யார் யாருக்கு எந்தப் பெயர் வாயில் வரவில்லையோ அந்தப் பெயரைப் போட்டு வாசித்தால் கதையின் சூடு தெரியும்.

இப்படியெல்லாம் எழுதிவிட்டு, ஈஸாவைப் பின்பற்றுவதாகச் சொன்னவர்கள் எல்லாரும் இப்படித்தான் நடந்தார்கள் என்று விட்டால் அது பொய்யாகிவிடும். திருகோணமலைத் துறைமுகத்துக்குச் சிலுவை முதலில் பீரங்கியோடு வந்தது. 1620களில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கற்களையும் சேர்த்துக் கோட்டை கட்டினார்கள். இன்று பிரெட்ரிக் கோட்டை என்கிறோம். அதே காலத்தில் அவர்கள் தங்கள் பகுதிகளிலிருந்து விரட்டிய முஸ்லிம்களைக் கண்டி மன்னன் செனரத் 1626இல் மட்டக்களப்புப் பக்கம் குடியேற்றினான். நம்மில் பலருடைய மூதாதையர் இந்தக் கரைக்கு வந்த கதை அது. அந்தக் கோட்டை வாசலால் போகும்போதெல்லாம், எந்த ஈஸாவைப் பின்பற்றி இதைக் கட்டினார்கள் என்று கேட்கத் தோன்றும். பாலையூற்று நண்பரிடம் கேட்டேன். "அவங்க அவருக்கு முன்னால போயிட்டாங்க" என்றார்.

இனி இந்தக் கட்டுரைக்குக் காரணமான மனிதரிடம் வருகிறேன்.

திருகோணமலை மறைமாவட்டம் 1893இல் உருவானது. மட்டக்களப்பும் நெடுங்காலம் அதற்குள்தான் இருந்தது, 2012இல்தான் பிரிந்தது. ஆரம்பத்திலிருந்தே இதன் பொறுப்பு இயேசு சபைக் குருக்களிடம் கொடுக்கப்பட்டது. 1540இல் அங்கீகாரம் பெற்ற அந்தச் சபையைத் தொடங்கிய இஞ்ஞாசியார் ஒரு போர்வீரர். 1521இல் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் உடைந்து கிடந்தபோது இயேசுவின் வாழ்க்கை வரலாற்றை வாசித்து மனம் மாறியவர். அவர் வகுத்த ஆன்மிகப் பயிற்சி ஏறத்தாழ முப்பது நாள் நீளும். அதில் பெரும்பகுதி, சுவிசேஷச் சம்பவம் ஒன்றை எடுத்து, அந்த இடத்தில் தானும் நிற்பதாக மனதில் கொண்டுவந்து, கண்ணால் பார்த்துக் காதால் கேட்பது. ஸுன்னாவின் விவரங்கள் இல்லாத இடத்தை அவர்கள் இப்படி நிரப்புகிறார்கள் என்று எனக்குப் படுகிறது. எழுதிவைத்த நடைமுறை இல்லை, ஆகவே ஆளையே பார்த்துக்கொண்டிருப்பது. அதோடு வறுமை, துறவு, கீழ்ப்படிதல் என்று மூன்று வாக்குறுதிகள். துறவு நம் பாதையல்ல. அல்ஹதீத் 27ஆம் வசனம் அதை அவர்களே உண்டாக்கிக்கொண்டது என்கிறது. ஆனால் அதே வசனம், ஈஸாவைப் பின்பற்றியோரின் உள்ளங்களில் இரக்கத்தையும் கருணையையும் அல்லாஹ் வைத்ததாகவும் சொல்கிறது. நமது சொற்பொழிவுகளில் பின்பாதிதான் அதிகம் கேட்கிறது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவிலிருந்து இளம் இயேசு சபையினர் இங்கே வந்தார்கள். அவர்களில் ஒருவர் யூஜின் ஜோன் ஹேபியர். 1923இல் லூசியானா மாநிலத்தின் ஜெனிங்ஸ் என்ற ஊரில் பிறந்தவர். 1948இல் இலங்கைக்கு வந்தார். மட்டக்களப்பு புனித மைக்கேல் கல்லூரியிலும் திருகோணமலை புனித சூசையப்பர் கல்லூரியிலும் படிப்பித்தார். பழைய மாணவர்கள் அவரைப் பெரும்பாலும் கூடைப்பந்து பயிற்றுவித்த பாதராகத்தான் நினைவு வைத்திருக்கிறார்கள். பிறகு மட்டக்களப்பில் கிழக்குத் தொழில்நுட்பக் கல்விக்கூடத்தை நடத்தினார். போர் தொடங்கியபின் மற்றக் குருக்களோடும் பிரசைகளோடும் சேர்ந்து, காணாமல் போனவர்களின் குடும்பங்களுக்காக முகாம் வாசல்களில் நின்றார். அமெரிக்கக் கடவுச்சீட்டு வைத்திருந்தவர் விரும்பிய நேரத்தில் விமானம் ஏறியிருக்கலாம். ஏறவில்லை.

1990 ஓகஸ்ட்டை இந்த இதழின் வாசகர்களுக்கு விவரிக்கத் தேவையில்லை. 3ஆம் திகதி காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்றவர்களை விடுதலைப் புலிகள் சுட்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் ஷஹீதானார்கள். 11ஆம் திகதி இரவு ஏறாவூரில் அதே போல நூற்றுக்கும் மேற்பட்டோர், பெண்களும் குழந்தைகளுமாக. பதிலுக்குத் தமிழ்க் கிராமங்களும் தாக்கப்பட்டன. ஓகஸ்ட் 15, கத்தோலிக்கருக்கு மர்யம் (அலை) அவர்களின் விண்ணேற்புத் திருநாள். அன்று 66 வயதான ஹேபியர் பாதர், கலவரத்தில் அகப்பட்டிருந்தவர்களுக்கு உதவ வாழைச்சேனைக்குப் போயிருந்தவர், ஒரு தமிழ் இளைஞரோடு ஸ்கூட்டரில் மட்டக்களப்புக்குத் திரும்பினார். ஏறாவூர்ப் பக்கத்தில் இருவரும் காணாமல் போனார்கள். உடல்கள் கிடைக்கவில்லை. எவர் மீதும் குற்றம் நிரூபிக்கப்படவில்லை.

நான் யாரையும் சுட்டவில்லை. அப்படிச் சுட்ட ஆதாரமும் என் கையில் இல்லை. ஆனால் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். ஓகஸ்ட் 3ஐப் பற்றி நாம் எழுதுகிறோம், எழுத வேண்டும். ஓகஸ்ட் 12 அதிகாலையைப் பற்றி எழுதுகிறோம். ஓகஸ்ட் 15ஐப் பற்றி நமது பக்கங்களில் நான் வாசித்தது மிகக் குறைவு. அந்தத் தெரு நமது ஊர்த் தெரு. மூன்று நாளுக்கு முந்திய மையித்துகளின் ஈரம் காயாத தெரு என்பது உண்மை. அந்த வேதனையில் இருந்த ஊருக்கு அருகால் அந்த வயோதிபர் அந்த நாளில் ஏன் போனார்? வேறு நாள் போயிருக்கலாமே என்று சிலர் இப்போதும் சொல்கிறார்கள். ஆபத்து இல்லாத நாளில் போவதைத்தான் எரிகோ வழியில் குருவும் கோயில் ஊழியனும் தெரிந்தெடுத்தார்கள்.

அல்ஜீரியாவில் 1996இல் நடந்ததை இதோடு சேர்த்துப் பார்க்கலாம். திபிரின் என்ற மலைக்கிராமத்தில் முஸ்லிம்களுக்கு நடுவே வாழ்ந்த ஏழு துறவிகள் மார்ச் மாதத்தில் கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களுடைய தலைவர் கிறிஸ்டியன் தெ ஷெர்ஷே, தன்னைக் கொல்லப்போகிறவனை முன்கூட்டியே மன்னித்தும், தன் சாவுக்காக இஸ்லாத்தைக் குற்றம் சொல்ல வேண்டாம் என்று கேட்டும் ஒரு கடிதம் எழுதி வைத்திருந்தார். அவருக்கு அந்த நெஞ்சம் வந்த வழியில் ஒரு முஸ்லிமும் இருக்கிறார்: அவர் இளம் வயதில் அல்ஜீரியாவில் படைச் சேவையில் இருந்தபோது, ஆயுததாரிகளிடமிருந்து அவரைக் காப்பாற்றிய முஹம்மத் என்ற ஊர்க்காவலர். அதற்காகவே அந்த முஹம்மத் கொல்லப்பட்டார். அதே 1996 ஓகஸ்ட் முதலாம் திகதி ஒரான் நகரின் ஆயர் பியர் கிளாவெரி குண்டு வெடித்து இறந்தபோது, அவரோடு அவருடைய சாரதி முஹம்மத் பூஷிகியும் இறந்தார். ஆபத்து என்று தெரிந்தும் வேலையை விடாத முஸ்லிம் இளைஞர்.

கடைசியாகப் பாலையூற்றுக்குப் போனபோது நண்பரிடம் நேரடியாகவே கேட்டேன். ஹேபியர் பாதர் விஷயத்தில் உங்களுக்கு எங்கள் மேல் கோபம் இல்லையா? அவர் சூசையப்பர் கல்லூரியில் படித்தவர், பாதரைத் தெரிந்தவர். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். மனைவி கொண்டுவந்த தேத்தண்ணி ஆறியது.

"இருந்தது நானா. இல்லை எண்டு சொன்னா பொய். பூசைக்குப் போற நேரமெல்லாம், எங்களுக்குப் பிழை செய்தவங்களை மன்னிக்கிறம் எண்டு வாயால சொல்லத்தானே வேணும். சொல்றது லேசு. சில நாள் அந்த இடம் வரக்குள்ள வாயை மூடிக்கொண்டு நிண்டிருக்கிறன். பாதர் எங்களுக்குப் பந்து பிடிக்கக்குள்ள, விழுத்தினவனைக் கை குடுத்து எழுப்பிவிட்டுட்டுத்தான் விளையாடோணும் எண்டு சொல்லுவார். அதைத்தான் நான் இன்னும் பழகிறன்."

பின்பற்றுவது என்றால் என்ன செய்வது என்று கேட்ட மாணவி இப்போது மூதூரில் ஓர் ஆசிரியை. இந்தக் கட்டுரையின் முதற்பிரதியை அவளிடம் வாசிக்கக் கொடுத்தேன். ஹதீஸ் பகுதியில் ஒரு திருத்தம் சொன்னாள், ஏற்றுக்கொண்டேன். பிறகு, "சேர், பாதரோட பெயர் இருக்கு. அல்ஜீரியா சாரதிட பெயரும் இருக்கு. ஸ்கூட்டர்ல கூட வந்த பொடியன்ட பெயர் இல்லையே?" என்றாள்.

பேட்ரம் பிரான்சிஸ்.